இயங்குதளமும் வன்பொருளும் ஒன்றாக மாறிய பின் சர்வர் அடிக்கடி விழுகிறது: காரணத்தைப் பிரித்தறிவது எப்படி?

ஆலைக்கணினி:

அனைவருக்கும் வணக்கம். கோவைக்கு அருகில் உள்ள ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். உற்பத்திப் பதிவு, பஞ்சுக் கொள்முதல், சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தி வந்தோம். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இரண்டு ஜியான் பிராசசர்கள் கொண்ட பழைய இயந்திரத்துக்கும் உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது.

புதிய இயந்திரத்தில் ஏஎம்டி எபிக் 7003 வரிசையைச் சேர்ந்த 32 கோர் பிராசசர் ஒன்றும் 256 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேமும் உள்ளன. தரவுத்தளத்துக்காக இரண்டு யு.2 வடிவ என்விஎம்இ (அதிவேக ஃபிளாஷ்) டிரைவ்களை மிரராக, அதாவது ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி, அமைத்திருக்கிறோம். இயங்குதளம் மட்டும் மதர்போர்டில் செருகிய ஓர் எம்.2 டிரைவில் இருக்கிறது. அல்மாலினக்ஸ் 9 நிறுவி, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை நேரடியாகவும், ஜாவாவில் எழுதப்பட்ட அப்ளிகேஷன்களைப் பாட்மேன் கன்டெய்னர்களிலும் (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட கூடுகளிலும்) ஓட்டுகிறோம். பழைய சர்வரில் இதே அப்ளிகேஷன்கள் டாக்கர் என்ற வேறொரு கன்டெய்னர் மென்பொருளில் ஓடின. அப்போது ஒரு தொல்லையும் இருந்ததில்லை.

மாற்றிய முதல் வாரத்திலிருந்தே சர்வர் விழத் தொடங்கியது. சில இரவுகளில் இயந்திரம் தானாக ரீபூட் ஆகிறது. பகலிலோ, சம்பளக் கணக்கு போன்ற கனமான வேலை ஓடும்போது அப்ளிகேஷன் திடீரென நின்றுபோகிறது. லாக் கோப்பைத் திறந்தால் ரீபூட்டுக்கு முன் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. வழக்கமான செய்திகள் வந்துகொண்டிருக்கும்போதே அறுந்து, அடுத்த வரியில் புதிய பூட் தொடங்குகிறது. இயந்திரத்தை விற்றவர்கள் இயங்குதளத்தைக் கைகாட்டுகிறார்கள். அப்ளிகேஷனை எழுதியவர்கள் இயந்திரத்தைக் கைகாட்டுகிறார்கள். ரேமை மாற்றிப் பார்த்தாயிற்று, பயாஸையும் புதுப்பித்தாயிற்று, பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இரவுப்பணி:

வணக்கம் ஐயா. பாகங்களை மாற்றுவதைச் சில நாள்கள் நிறுத்தி வையுங்கள். இப்போதைய தேவை, அடுத்த முறை சர்வர் விழும்போது அது ஒரு தடயத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்பதுதான். உங்கள் பதிவில் "விழுகிறது" என்ற ஒரே சொல்லில் குறைந்தது இரண்டு வேறு நிகழ்வுகள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இயந்திரம் ரீபூட் ஆவது ஒன்று. இயந்திரம் நன்றாக இருக்க, அப்ளிகேஷன் மட்டும் சாவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, நேரம், நடந்தது எது என்று ஒரு தாளில் தனித்தனியாக எழுதத் தொடங்குங்கள்.

இயந்திரத்தின் மேலாண்மைச் சில்லான பிஎம்சி, இயங்குதளத்தைச் சாராமல் தனக்கென ஒரு நிகழ்வுப் பதிவேட்டை வைத்திருக்கும். இயங்குதளத்தின் லாக்கில் எதுவும் இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. மின்சாரம் தடைப்பட்டதா, வெப்பம் எல்லை மீறியதா, திருத்த முடியாத நினைவகப் பிழை ஏற்பட்டதா, இயங்குதளம் உயிரோடு இருப்பதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமர் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்ததா என்பதெல்லாம் அங்கே பதிவாகும். அதன் கடிகாரம் இயங்குதளத்தின் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். பல இயந்திரங்களில் பிஎம்சி கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தேடிக்கொண்டிருந்தால் எதுவும் பொருந்தாது.

இன்னொன்று: அல்மாலினக்ஸ் 9-இல், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னல் இயல்பாக நினைவகத்தில்தான் இருக்கும். வார் லாக் (/var/log) அடைவின் கீழ் ஜர்னல் என்ற அடைவை உருவாக்கினால்தான் முந்தைய பூட்டின் ஜர்னலை நாம் பின்னர் படிக்க முடியும். அதை இன்றே செய்துவிடுங்கள்.

உதிரிபாகம்:

நான் வன்பொருள் பக்கத்தில் வேலை செய்பவன் என்பதால், முதல் சந்தேகம் ரேமின் மேல்தான் போகிறது. ஆனால் "ரேமை மாற்றிப் பார்த்தாயிற்று" என்று பொதுவாகச் சொல்வது போதாது. எபிக் 7003-இல் எட்டு நினைவக சேனல்கள் உண்டு. எட்டிலும் ஒரே வகை மாட்யூல்கள் செருகப்பட்டிருக்கின்றனவா, மதர்போர்டுக் கையேட்டில் சொல்லப்பட்ட வரிசைப்படி செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கொள்ளளவாக இருந்தாலும் ரேங்க் (உள்ளே சில்லுகள் குழுவாக்கப்பட்ட முறை) வேறான மாட்யூல்களைக் கலந்து செருகிய இயந்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுவதாக இருந்தால் 6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பழைய பதிப்புகள் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகா. ஆனால் ஈசிசி ரேமில் அந்தச் சோதனை தேறிவிட்டது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஒற்றை பிட் பிழைகளை ஈசிசி உடனுக்குடன் திருத்திவிடுவதால், சோதனை நிரலின் கண்ணுக்குப் பிழையே தெரியாமல் போகலாம். திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைக் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) எடாக் என்ற பிழைக் கண்காணிப்புப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

இங்கே இயங்குதள மாற்றமும் ஒரு குழி பறித்து வைத்திருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7 காலத்தில் பலர், வன்பொருள் பிழைகளைப் பதியும் எம்சிஇலாக் என்ற சேவையைப் பயன்படுத்தினார்கள். புதிய ஏஎம்டி பிராசசர்களை அது ஆதரிப்பதில்லை; எடாக் மாட்யூலைப் பயன்படுத்துமாறு ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். பழைய கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எம்சிஇலாக்கையே கேட்டுக்கொண்டிருந்தால், பிழை எதுவும் இல்லை என்றே அது நாள்தோறும் அறிக்கை தரும். ராஸ்டீமன் சேவையை நிறுவி இயக்கினால், நினைவகப் பிழை, பிராசசர் பிழை, பிசிஐஇ (டிரைவ், கார்டுகளை இணைக்கும் பஸ்) பிழை ஆகிய மூன்றும் ஒரு சிறு தரவுத்தளத்தில் சேரும்.

தரவுக்காரி:

அப்ளிகேஷன் நின்றுபோகும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சில விவரங்கள் தேவை. கன்டெய்னர் நின்றபோது அதன் வெளியேற்ற எண் எது? 137 என்றால், வெளியிலிருந்து 9-ஆம் சிக்னல் அனுப்பிக் கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள். 134 என்றால் ஜாவா தானே முறிந்து விழுந்திருக்கிறது, அப்போது பணி அடைவில் அதன் பிழைக் கோப்பு ஒன்றும் கிடக்கும். கன்டெய்னருக்கு நினைவக வரம்பு வைத்திருக்கிறீர்களா? ஜாவாவின் துல்லியமான பதிப்பு எண் என்ன? "ஜாவா 8" என்பது மட்டும் போதாது; அப்டேட் எண்ணும் வேண்டும். உச்ச ஹீப் அளவை (ஜாவா தன் தரவுக்கு எடுக்கக்கூடிய நினைவக எல்லையை) வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறீர்களா, இயல்பு அளவுக்கே விட்டிருக்கிறீர்களா?

கர்னல் செய்திகளில் "மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வரில் மொத்தமாக நிறைய ரேம் காலியாக இருக்கும்போதே அந்த வரி வரக்கூடும். சிகுரூப் என்பது ப்ராசஸ்களுக்கு வரம்பு வைக்கும் கர்னல் வசதி; அந்த வரி குறிப்பது கன்டெய்னரின் வரம்பை மட்டுமே.

புதுவரவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஏஎம்டி எபிக் பிராசசர்களில், குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் ஓடினால் கோர் உறைந்துபோகும் என்று ஒரு குறை இருப்பதாகப் படித்திருக்கிறேன். இது அதுவாக இருக்குமா? இல்லையென்றால், தற்காலிகமாகப் புதிய இயந்திரத்தில் சென்ட்ஓஎஸ் 7-ஐயே நிறுவிப் பார்த்தால், பழி இயங்குதளத்தின் மேலா வன்பொருளின் மேலா என்று தெரிந்துவிடாதா?

இரவுப்பணி:

கேட்டது நல்ல கேள்விதான், தம்பி. நீங்கள் குறிப்பிடுவது 1474-ஆம் எண் கொண்ட எர்ராட்டம் (தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட சில்லுக் குறை). அது எபிக் 7002 வரிசைக்கானது. ஏறக்குறைய 1,044 நாள்கள் ரீபூட் இன்றி ஓடிய பிறகு, சிசி6 என்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குச் சென்ற கோர் அதிலிருந்து மீளாமல் போகலாம் என்று ஏஎம்டி தன் திருத்த வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. இங்கே இருப்பதோ 7003. வந்து சேர்ந்ததே அண்மையில்தான். ஆகவே இதை ஒதுக்கிவிடலாம். ஆனாலும், வேலை குறைந்த இரவு நேரத்தில் விழுகிறது என்ற குறிப்பு மின்சேமிப்பு நிலைகளை நினைவூட்டுவது சரியே. சுமை ஏறும்போது விழுந்தால் மின்வழங்கி, வெப்பம், ரேம் என்று தேடலாம். சும்மா இருக்கும்போது விழுந்தால் உறங்கி எழத் தெரியாத ஏதோ ஒரு பாகத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது யோசனையைத் தலைகீழாகத் திருப்பினால் பயன்படும். திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தைப் புதிய இயந்திரத்தில் ஏற்றுவதைவிட, ஓய்வுபெற்ற பழைய இயந்திரத்தில் வேறு டிரைவைச் செருகி அல்மாலினக்ஸ் 9-ஐ நிறுவி, அதே கன்டெய்னர்களை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்ளிகேஷன் செத்தால் அந்தப் பாதிக்குப் புதிய வன்பொருள் காரணமில்லை. பழைய இயந்திரத்தில் எஸ்ஏஎஸ் 2008 சில்லைக் கொண்ட ரெய்டு கார்டு (பல டிரைவ்களைச் சேர்த்து ஆளும் கார்டு) இருந்தால் மட்டும் கவனம் தேவை. அல்மாலினக்ஸுக்கு மூலமான ரெட் ஹாட் தன் 8-ஆம் பதிப்பிலேயே அத்தகைய கார்டுகளுக்கான ஆதரவை நீக்கிவிட்டதால், நிறுவும்போது டிரைவே கண்ணில் படாமல் போகலாம். அல்மாலினக்ஸ் 9.4-இல் அப்படி நீக்கப்பட்ட பல கார்டுகளின் ஆதரவைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆகவே அதற்குப் பிந்தைய நிறுவல் படிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்கணினி:

அனைவருக்கும் நன்றி. கேட்ட விவரங்களைத் திரட்டிவிட்டேன்.

நிகழ்வுகளைத் தனித்தனியாக எழுதிப் பார்த்ததில், இரவு ரீபூட்டும் பகல் நிறுத்தமும் ஒரு முறைகூட ஒன்றோடொன்று சேர்ந்து வரவில்லை. ரீபூட் எல்லாமே இரண்டு ஷிஃப்ட் மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில், பதிவு எதுவும் நடக்காதபோது வந்திருக்கிறது.

பிஎம்சியின் பதிவேட்டில் மின்சாரம், வெப்பம், நினைவகம் பற்றி ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ரீபூட்டின் நேரத்திலும் "வாட்ச்டாக் 2, ஹார்ட் ரீசெட்" என்ற பதிவு இருக்கிறது. இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் சிஸ்டம்டி கட்டமைப்பில் வன்பொருள் வாட்ச்டாக்கை இயக்கி வைத்திருக்கிறார்கள். ராஸ்டீமன் நிறுவிய பிறகு திருத்தப்பட்ட பிழைகூட ஒன்றும் பதிவாகவில்லை. ரேம் எட்டும் ஒரே வகை; கையேட்டின் வரிசைப்படியே செருகப்பட்டுள்ளன.

கன்டெய்னரின் வெளியேற்ற எண் 137. சிகுரூப் பற்றிய வரியும் கர்னல் செய்திகளில் இருக்கிறது. வரம்பு 8 ஜிபி. ஜாவா பதிப்பு 8, அப்டேட் 282. உச்ச ஹீப் அளவை நாங்கள் கொடுக்கவில்லை. பழைய சர்வரிலும் கொடுத்ததில்லை. வரம்பு அங்கேயும் 8 ஜிபிதான்.

தரவுக்காரி:

அப்படியானால் பகல் நிறுத்தத்தின் காரணம் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து 9-ஆம் தலைமுறைக்கு மாறும் எல்லாரும் இதில் கால் இடற வாய்ப்புண்டு.

உச்ச ஹீப் அளவைக் கொடுக்காவிட்டால், ஜாவா தன் கண்ணுக்குத் தெரியும் நினைவகத்தில் கால் பங்கை உச்சமாக வைத்துக்கொள்ளும். கன்டெய்னருக்குள் இருக்கும்போது அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டியது கன்டெய்னரின் வரம்பு. ஜாவா 8-க்கு அந்தப் பார்வை 191-ஆம் அப்டேட்டில் வந்தது. ஆகவே பழைய சர்வரில் உங்கள் 282 வரம்பைச் சரியாகப் படித்து, 8 ஜிபியில் கால் பங்கான 2 ஜிபியில் நின்றுகொண்டது. ஆனால் அது படிக்கத் தெரிந்து வைத்திருந்தது சிகுரூப்பின் முதல் பதிப்பை மட்டுமே. அல்மாலினக்ஸ் 9 இயல்பாக சிகுரூப் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்துகிறது; அதில் கோப்புகளின் பெயரும் இடமும் வேறு. ஜாவா 8-க்கு அந்த ஆதரவு 2023 ஏப்ரலில் வந்த 372-ஆம் அப்டேட்டில்தான் சேர்ந்தது. ஜாவா 11-இல் 11.0.16 முதல் உண்டு. 15-க்குப் பிந்தையவற்றில் தொடக்கத்திலிருந்தே உண்டு.

எனவே இப்போது உங்கள் ஜாவாவுக்குக் கன்டெய்னரின் வரம்பு தெரியவே இல்லை. முழு இயந்திரத்தின் 256 ஜிபி தெரிகிறது. 64 பிட் ஜாவா 8-இன் இயல்பு உச்சம் ஏறக்குறைய 32 ஜிபியோடு நின்றுவிடும் என்றாலும், 8 ஜிபி வரம்புக்குள் இருந்துகொண்டு 32 ஜிபி வரை வளரலாம் என்று அது நம்புகிறது. சாதாரண நாளில் அவ்வளவு தேவைப்படுவதில்லை. சம்பளக் கணக்கு ஓடும்போது, குப்பை சேகரிக்கும் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும்) அவசரம் ஏதும் இல்லை என்று எண்ணி வளர்ந்துகொண்டே போய், 8 ஜிபியைத் தொட்ட கணத்தில் கர்னலால் கொல்லப்படுகிறது. வன்பொருள் மேம்பாடும் இதில் பங்கெடுத்திருக்கிறது: ரேம் பெருகியதால் அந்தத் தவறான உச்சமும் பெருகியது. கோர்கள் பெருகியதால் ஹீப்புக்கு வெளியே உள்ள செலவும் கூடும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி ஒரு ப்ராசஸுக்கு, கோர் எண்ணிக்கையைப் போல் எட்டு மடங்கு வரை நினைவக அரங்கங்களை உருவாக்கலாம். உங்கள் 64 தர்க்கக் கோர்களுக்கு அது 512.

தீர்வு எளிது. ஜாவாவை 372-க்கு மேற்பட்ட அப்டேட்டுக்கு மாற்றுங்கள். அதோடு உச்ச ஹீப் அளவையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். 8 ஜிபி வரம்பில் 5 ஜிபி வரை ஹீப்புக்குத் தரலாம், மீதி ஹீப்புக்கு வெளியே வேண்டும். சிகுரூப்பை முதல் பதிப்புக்குத் திருப்பும் பூட் அளவுரு ஒன்றும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், வருங்காலப் பதிப்புகளில் அந்த வழி அடைபட்டுவிடும்.

இரவுப்பணி:

சகோதரி சொன்னதோடு பகல் கணக்கு முடிந்தது. இனி இரவுக் கணக்கு.

வாட்ச்டாக் பதிவு கதையையே மாற்றிவிடுகிறது. இயந்திரம் தானாக ரீபூட் ஆவதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது முதலில் உறைகிறது. சிஸ்டம்டியிடமிருந்து வர வேண்டிய தட்டல் (உயிரோடு இருக்கிறேன் என்ற அறிகுறி) வராததால், குறித்த நேரம் முடிந்ததும் பிஎம்சி அதை முரட்டுத்தனமாக ரீசெட் செய்கிறது. அந்த ரீசெட்டில் கர்னலின் நினைவகத்தில் இருந்த கடைசிச் செய்திகள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. லாக் வெறுமையாக இருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள்தான் உண்டு: ஒன்று, எழுத நேரம் இருந்திருக்காது, இல்லையேல், எழுத வேண்டிய டிரைவே இல்லாமல் போயிருக்கும். இரண்டாவதை வேறு வன்பொருள் ஒன்றில் நேரில் கண்டிருப்பதால் எனக்கு அதன் மேல் கண் இருக்கிறது.

செய்ய வேண்டியவை இவை. வாட்ச்டாக்கைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். உறைந்த இயந்திரம் உறைந்த நிலையிலேயே கிடக்கட்டும், இரவில் சிறிது நேர இழப்பு பரவாயில்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கர்னலின் கன்சோலை சீரியல் போர்ட்டுக்குத் திருப்பி, பிஎம்சியின் சீரியல் ஓவர் லேன் (நெட்வொர்க் வழிச் சீரியல்) வழியாக வேறொரு கணினியில் இரவு முழுவதும் பதிவு செய்யுங்கள். டிரைவ் இல்லாவிட்டாலும் இந்த வழியில் செய்தி வெளியே வரும் என்பதுதான் இதன் பெரும் பயன்.

கர்னல் முறியும்போது நினைவகத்தைப் படிமமாகச் சேமிக்கும் கேடம்பையும் தயார் செய்யுங்கள். அதற்கான நினைவக ஒதுக்கீட்டை பூட் வரியில் "ஆட்டோ" என்று கொடுக்கும் பழைய வழக்கம் 9-ஆம் பதிப்பில் இல்லை. பழைய பூட் வரியை அப்படியே கொண்டுவந்திருந்தால் ஒதுக்கீடு நடந்திருக்காது. கேடம்ப் கட்டளையின் மீட்டமைப்பு வசதி சரியான மதிப்பைத் தானே எழுதும். 64 ஜிபிக்கு மேற்பட்ட ரேமுக்கு 512 எம்பி ஒதுக்கப்படும். நினைவகப் படிமத்தை இயங்குதள டிரைவில் எழுதச் சொல்லாமல், எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பச் சொல்லுங்கள். குற்றவாளியின் வீட்டிலேயே சாட்சியத்தைப் பூட்டி வைக்க முடியாதல்லவா! பிறகு, ஆலைக்கு விடுமுறை உள்ள நேரத்தில், கர்னலை வேண்டுமென்றே முறிக்கும் சிஸ்ஆர்க்யூ கட்டளையால் இதைச் சோதித்துப் பாருங்கள். சோதித்துப் பார்க்காத கேடம்ப், வேண்டிய நாளில் எழுதுவது அரிது.

ஆலைக்கணினி:

ஜாவாவை மாற்றி, ஹீப் அளவையும் கொடுத்த பிறகு சம்பளக் கணக்கு முழுதாக ஓடி முடிந்தது. கன்டெய்னரின் நினைவகம் 6 ஜிபியைத் தாண்டவில்லை. தரவுக்காரி சகோதரிக்கு எங்கள் சம்பளப் பிரிவின் சார்பிலும் நன்றி.

இரவு உறைவு சீரியல் கன்சோலில் சிக்கியது. தமிழில் சொன்னால் செய்திகளின் வரிசை இதுதான். முதலில் "என்விஎம்இ0 கன்ட்ரோலர் இயங்கவில்லை, ரீசெட் செய்யப்படும்" என்று ஒரு வரி. நிலைப் பதிவகத்தின் மதிப்பாக எல்லா பிட்களும் ஒன்று என்று அதில் காட்டுகிறது. அடுத்து, சாதனம் தயாராகவில்லை என்றும் ரீசெட் கைவிடப்படுகிறது என்றும் வருகிறது. அதன்பின் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை தன் லாக்கை எழுதுவதில் பிழை, கோப்பு முறைமை நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்பு, தொடர்ந்து பல ப்ராசஸ்கள் 120 விநாடிகளுக்கு மேல் காத்திருப்பதாக வரிகள். என்விஎம்இ0 என்பது இயங்குதளம் இருக்கும் எம்.2 டிரைவ். இந்த நிலையிலும் பிங் பதில் தந்துகொண்டிருந்தது. எஸ்எஸ்ஹெச் மட்டும் உள்ளே விடவில்லை. தரவுத்தள டிரைவ்கள் இரண்டைப் பற்றியும் ஒரு புகாரும் இல்லை.

அந்த டிரைவ் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் மீடியா பிழை பூஜ்யம், தேய்மானம் மிகக் குறைவு. வெப்பமும் சாதாரணமாகவே இருக்கிறது. ஆகவே டிரைவ் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் விற்றவர்கள்.

உதிரிபாகம்:

ரேமின் மேல் நான் வைத்த சந்தேகத்தை விலக்கிக்கொள்கிறேன்.

எல்லா பிட்களும் ஒன்று என்ற மதிப்பைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பிசிஐஇ பஸ்ஸில் ஒரு சாதனம் பதிலே தராவிட்டால், அந்த வாசிப்புக்கு விடையாக எல்லா பிட்களும் ஒன்றாகவே பிராசசருக்குத் திரும்பி வரும். அதாவது டிரைவ் பிழை என்று சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்தே காணாமல் போய்விட்டது. இதனால்தான் ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருக்கிறது. ஃபிளாஷ் கெட்டால் அது டிரைவின் குறிப்பில் ஏறும். டிரைவின் கன்ட்ரோலரே உறங்கிப்போய் எழாவிட்டால் யார் குறித்து வைப்பது? ரீசெட் ஆனதும் அது மீண்டும் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் பூட் ஆகிறது.

யு.2 டிரைவ்கள் சர்வர்களுக்கென்றே செய்யப்படுபவை. அவற்றில் பெரும்பாலும் ஆழ்ந்த மின்சேமிப்பு நிலைகள் இருப்பதில்லை. எம்.2 டிரைவோ மடிக்கணினிகளின் பேட்டரியை மனதில் வைத்துச் செய்யப்பட்ட நுகர்வோர் ரகமாக இருக்க வேண்டும். என்விஎம்இ கட்டளையால் கன்ட்ரோலரின் அடையாள விவரங்களைக் கேளுங்கள். 0 முதல் 4 வரை மின்நிலைகள் பட்டியலாகி, 3-உம் 4-உம் செயல்படா நிலைகள் என்று குறிக்கப்பட்டிருந்தால் என் ஊகம் சரி. சிறிது நேரம் வேலை இல்லாவிட்டால் டிரைவ் தானே அந்த நிலைகளுக்கு இறங்க அனுமதிக்கும் வசதிக்கு ஏபிஎஸ்டி என்று பெயர்; லினக்ஸில் அது 4.11-ஆம் கர்னலில் நுழைந்தது. எழுந்திருக்க 1,00,000 மைக்ரோ விநாடி வரை எடுக்கும் நிலைகளைக் கர்னல் இயல்பாக அனுமதிக்கிறது. உங்கள் பழைய சர்வரில் ரெய்டு கார்டின் பின்னால் சாட்டா டிரைவ்கள் இருந்திருக்கும். இந்த விவகாரமே அங்கு எழ வழியில்லை.

பிசிஐஇ இணைப்பே உறங்கப் போகும் ஏஎஸ்பிஎம் என்பது இதனோடு ஒட்டிய இன்னொரு வசதி. இரண்டில் எது உண்மையான காரணம் என்பது சோதித்தால்தான் தெரியும்.

இரவுப்பணி:

அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அணைத்துவிட வேண்டாம். முதலில் ஏபிஎஸ்டியை அணைக்க, என்விஎம்இ மாட்யூலின் மின்நிலைத் தாமத உச்சத்தைப் பூஜ்யமாக்கும் அளவுருவை மட்டும் சேர்த்துச் சில வாரங்கள் கவனியுங்கள். மீண்டும் உறைந்தால் ஏஎஸ்பிஎம்-ஐயும் அணையுங்கள். அளவுருவைச் சேர்க்க, பூட் அமைப்பை மாற்றும் கிரபி கட்டளையைப் பயன்படுத்துங்கள். கிரப் கோப்பைத் திருத்தி மீண்டும் உருவாக்கும் பழைய முறை 9-ஆம் பதிப்பில் ஏமாற்றிவிடலாம்: பூட் பதிவுகள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், மாற்றம் அவற்றுக்குப் போய்ச் சேராமலே இருக்கக்கூடும். ரீபூட் செய்த பிறகு கர்னல் உண்மையில் பெற்ற கட்டளை வரியை ப்ராக் (/proc) அடைவில் படித்து உறுதி செய்யுங்கள். டிரைவிடமே அம்ச எண் 12-ஐக் கேட்டால், ஏபிஎஸ்டி அணைந்திருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

புதுவரவு:

டிரைவின் ஃபெர்ம்வேரை (உள்மென்பொருளை) புதுப்பித்தால் போதாதா? மின்சேமிப்பை அணைப்பது ஒட்டுப்போடுவது போலத்தானே?

உதிரிபாகம்:

புதிய ஃபெர்ம்வேர் வந்திருந்தால் ஏற்றலாம். ஆனால் அதையும் அளவுருவையும் சேர்த்துச் செய்தால், எது காப்பாற்றியது என்று பிறகு தெரியாது. ஒட்டுப்போடுவது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாள் முழுதும் மின்சாரத்தில் நிற்கும் சர்வரில், ஒரு டிரைவ் உறங்கி மிச்சமாக்கும் சில வாட் யாருக்கும் தேவையில்லை.

ஆலைக்கணினி:

மின்நிலைகள் உதிரிபாகம் ஐயா சொன்னபடியே ஐந்து. 3-உம் 4-உம் செயல்படா நிலைகள்தான். தாமத உச்சத்தைப் பூஜ்யமாக்கிய பின் இன்றுவரை உறைவு வரவில்லை; மாத இறுதியும், இடையில் ஆலை மூடிக்கிடந்த பண்டிகை விடுமுறையும் கடந்துவிட்டன. அந்த விடுமுறையில்தான் டிரைவ் அதிகம் சும்மா இருந்தது என்பதால், அதையே நல்ல சோதனையாக எடுத்துக்கொள்கிறேன். ஏஎஸ்பிஎம்-ஐத் தொடவில்லை.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். இயங்குதளத்துக்கு மிரர் அமைக்க இன்னொரு டிரைவ் வாங்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது, எதை வாங்குவது? வாட்ச்டாக்கை மீண்டும் இயக்கலாமா?

உதிரிபாகம்:

அதே மாடலில் இன்னொன்றை வாங்கி மிரர் செய்யாதீர்கள். ஒரே ஃபெர்ம்வேர், ஒரே உறக்கம், இரண்டும் ஒரே இரவில் காணாமல் போக இடமுண்டு. மின்தடையின்போது எழுதிக்கொண்டிருக்கும் தரவைக் காக்கும் மின்தேக்கிகள் கொண்ட சர்வர் ரக எம்.2 டிரைவ்கள் கிடைக்கின்றன. அவற்றின் நீளம் பெரும்பாலும் 110 மில்லிமீட்டராக இருக்கும். வாங்குவதற்கு முன் மதர்போர்டில் அந்த நீளத்துக்குத் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அந்த ரகத்திலேயே வாங்கி, இப்போதுள்ளதை ஏதாவது மேசைக் கணினிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரவுப்பணி:

வாட்ச்டாக்கை இயக்கலாம், இயக்கவும் வேண்டும், இரவில் ஆளில்லாத அறையில் அது தேவை. ஆனால் பழைய அமைப்பிலேயே விடாதீர்கள். பிஎம்சியின் ஐபிஎம்ஐ வாட்ச்டாக்கில் முன்-எச்சரிக்கை நேரம் என்று ஒன்று உண்டு. ரீசெட்டுக்குச் சிறிது முன்னதாக என்எம்ஐ (பிராசசர் தவிர்க்க முடியாத குறுக்கீடு) அனுப்பச் செய்து, அது வந்தவுடன் கர்னல் பேனிக் ஆகும்படி (தானே முறியும்படி) மாட்யூலின் அமைப்பில் சொல்லிவிட்டால், கேடம்ப் நினைவகப் படிமத்தை எஸ்எஸ்ஹெச் வழியாக வெளியே அனுப்பத் தொடங்கும். 256 ஜிபி இயந்திரத்தில், பயன்படாத பக்கங்களை விலக்கிய பிறகும் படிமம் சில ஜிபி வரலாம். அது முழுதாகப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சிஸ்ஆர்க்யூ சோதனையில் அளந்துகொண்டு, அதற்குக் குறையாமல் அந்த முன்-எச்சரிக்கை இடைவெளியை வையுங்கள். இல்லாவிட்டால் பாதிப் படிமத்தில் பிஎம்சி வெட்டிவிடும்.